இறங்கிய மூலை

கேட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கைத்தொலைபேசியை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைத்தபோது உள்ளே நாய் குரைத்தது. டோரிஸ் எழுந்திருக்கவில்லை. நாய் சங்கிலியில் கிடக்கிறது என்பதைப் போன தடவையே பார்த்து வைத்திருந்தாள். அவளுக்குத் தொல்லை செருப்பு அலமாரிதான். வீட்டு முகப்பை அடைத்துப் போட்டிருந்த இரும்புக் கிரில்லின் இடது கீழ் மூலையை அது மறைத்துக்கொண்டு நின்றது. மேற்பகுதி, வலப்பக்கம், நடு எல்லாவற்றையும் படம் எடுத்தாகிவிட்டது. அந்த மூலை மட்டும் பாக்கி.

"யாரும்மா அது?"

கைலி கட்டிய பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். கையில் இருந்த கைத்தொலைபேசியை அவளுக்கு நேரே நீட்டிக் காட்டினார். திரையில் அவளுடைய வெள்ளை மைவி கார். பக்கத்தில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு அவள். படத்துக்குக் கீழே மலாயில் ஒரு வரி: இந்தப் பெண் வீடுகளை நோட்டம் விடுகிறாள், கவனம்.

"இது நீதானே?"

"நான்தான். முதுகு இவ்வளவு அகலமாயிருச்சுன்னு இப்பதான் தெரியுது."

பெரியவர் சிரிக்கவில்லை. "ருக்குன் தெத்தாங்கா, நம்ம அக்கம்பக்கக் காவல் குரூப்புல காலையில இருந்து ஓடுது. போலீசுக்குப் போன் போடலாமான்னு கேக்குறானுங்க. ஆள நேர்ல கேட்டுட்டுப் போடுவோம்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"புண்ணியமாப் போச்சு அண்ணே. நான் திருட வரல. உங்க கிரில்லத் தைக்க வந்தேன்."

"தைக்கவா? அது இரும்புலா."

டோரிஸ் காருக்குப் போய்ப் பின்இருக்கையிலிருந்து துணியை எடுத்து வந்தாள். வெளிர் சந்தன நிறத்தில், சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்த துணி. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் ஒரே நிறம், ஈரச் சிமெண்டின் சாம்பல். சாய்சதுரங்கள், அவற்றின் நடுவே சிறு சதுரங்கள், இரண்டையும் கோத்துக்கொண்டு ஓடும் நீளக் கோடுகள். எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த குட்டிக் குட்டித் தையல்கள்.

பெரியவர் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். துணியைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். அவர் பெயர் பத்துமலை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈப்போவின் சிலிபின் பகுதியில் அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு கிரில்லைப் பூட்டியிருக்கிறார், திறந்திருக்கிறார், தீபாவளிக்குச் சாயம் அடித்திருக்கிறார். பார்த்தது இல்லை.

"என் வீட்டுக் கிரில்லுதான்," என்றார் கடைசியில்.

"அந்த அலமாரிய கொஞ்சம் தள்ளினா முழுசா ஆயிரும்."

டோரிஸ் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு எடுத்த தொழில். அதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டபடி, மயிரிழைக் கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதே வேலை. தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அவளையும் குறைத்தார்கள். பிறந்தது சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தைப் பற்றி யாராவது உருகிப் பேச ஆரம்பித்தால், "கொசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

கிராஸ் ஸ்டிச் என்னும் குறுக்குத் தையல் அவளுக்குத் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது. அப்போது அது ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், எல்லாரும் சாப்பாட்டு இடைவேளையில் ஊசியும் கையுமாக இருந்தார்கள். பெட்டியில் வரும்; துணி, நூல், ஊசி, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று அச்சடித்த தாள் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓடும் குதிரைகள், பொன்மீன், செம்பருத்தி, அருவி. டோரிஸும் குதிரைகளைத் தைத்தாள். பிடரி, குளம்பு, புழுதி எதையும் விடவில்லை. முடித்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை. குளிரூட்டி பழுதுபார்க்க வந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் கூலியில் கொஞ்சம் தள்ளுபடி செய்தான் என்று அவள் கணவன் அலெக்சாண்டர் இன்றைக்கும் சொல்வான்.

பிடிக்காதது குதிரை இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. துணியே தெரியாமல் மூடிவிட்டதுதான் பிடிக்கவில்லை. "மூடறதுக்கு எதுக்குத் துணி? சாயத்த ஊத்திரலாமே." அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ரிப்பனில் ரோஜா வைக்கும் வேலை கேக் மாதிரி இருந்தது. கல்லும் மணியும் வைத்த ஆரி வேலை ரவிக்கையில் அழகுதான், ஆனால் காரில் உட்கார்ந்தால் முதுகைப் பிறாண்டும். தையல் இயந்திரத்தில் போடும் பூக்கள் எல்லாக் கடையிலும் ஒரே பூ. ஒரு நிறம், ஒரு நூல், பாதிக்கு மேல் வெறும் துணி. இதுதான் தன்னுடையது என்று அவள் வந்து சேர்ந்தாள். சேர்ந்த பிறகு அங்கேயே நின்றுகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் விளக்கவும் இல்லை.

உருவங்கள் வேண்டாம் என்றால் என்னத்தைத் தைப்பது? அதற்குக் கிராப் வழிவிட்டது. பயணிகள் "இதோ வந்துட்டேன்" என்பார்கள், வரமாட்டார்கள். கேட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண் முன்னால் கிரில். ஈப்போவின் பழைய வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக் கிரில் மாதிரி அடுத்த வீட்டுக் கிரில் இருக்காது. விசிறி, சூரியக் கதிர், அலை, அறுகோணம். இரும்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் காற்று. டோரிஸ் படம் எடுத்து வந்து கட்டத்தாளில் இறக்கினாள். தையலில் ஒரு கட்டம்கூடத் தப்பாது. குறுக்குத் தையலின் மேல் இழை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சொந்தக்காரப் பெண்கள் அவள் வேலையைப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கத்தில் முடிச்சு தேடுவார்கள். கிடைக்காது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டாள்.

பத்துமலை வீட்டுக் கிரில் இவை எல்லாவற்றையும்விட உசத்தி என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். மாதக் கடைசியில் மகன் ரோய்ஸ்டனின் புது வீட்டுக்கு மந்திரிப்பு, பாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் சடங்கு. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் வாங்கியிருக்கிறான். சாவி கொடுத்த அன்றைக்கே, கூடத்தில் சோபாவுக்கு எதிரே இருக்கும் நீளச் சுவரை டோரிஸ் தனக்கென்று குறித்துக்கொண்டாள். மருமகள் ஷாமினிக்குச் சுவரில் எதுவும் மாட்டுவது பிடிக்காது. வாசலுக்கு நேரே சாமி படம் ஒன்று, அதோடு சரி என்றிருந்தாள். டோரிஸ் கேட்டதற்கு, "கொண்டாங்க மம்மி, பாத்துட்டு சொல்றேன்," என்றாள். அந்தப் பதில் டோரிஸுக்குப் பிடித்திருந்தது. பார்க்காமலே சரி என்பவர்களிடம் கொடுத்து என்ன பயன்? பார்த்து, வேண்டும் என்று சொல்லவேண்டும். மகன் வீட்டுச் சுவரில் தன் கைவேலை ஒன்று, கெஞ்சாமல், தன் தகுதியில் ஏறவேண்டும். இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பத்துமலை அலமாரியை நகர்த்தினார். நாய் ஒதுங்கிப் படுத்தது.

மூலை வேறு மாதிரி இருந்தது. கீழே வரவரச் சாய்சதுரங்கள் நசுங்கியிருந்தன. நேராக வந்த கோடு ஒன்று சற்றே சரிந்து, வேறொரு கம்பியின் உதவியோடு தரையைத் தொட்டது. கடைசிச் சதுரத்தில் துண்டுக் கம்பி ஒன்று சேர்த்து ஒட்டியிருந்தது.

"அத விட்டுரு தங்கச்சி," என்றார் பத்துமலை. "அசிங்கம். அதுக்குத்தான் அலமாரி வச்சிருக்கு."

"என்ன ஆச்சு?"

"கீழ பூரா பழைய ஈயச் சுரங்கம். வீட்டக் கட்டினான், நாங்க குடிவந்தோம், இந்தப் பக்கம் மெதுவா எறங்கிருச்சு. கிரில் அடிச்சது என் மச்சான் தர்மா. அளவு எடுத்தப்ப எல்லாம் நேரா இருந்துச்சு. அடிச்சுக் கொண்டாந்து வைக்கிறான், இந்த மூலை உக்கார மாட்டேங்குது. திரும்பத் தூக்கிட்டுப் போடான்னா போக மாட்டேன்னுட்டான். இங்கயே உக்காந்து வெட்டறான், ஒட்டறான், வெட்டறான், ஒட்டறான். அவன் தங்கச்சி, அதான் என் பொண்டாட்டி, ரொம்ப நாளு அவன்கூடப் பேசல."

"இப்ப எறங்குதா?"

"இல்ல, அப்பவே நின்னுருச்சு. தர்மா சொல்லுவான், என் கம்பிதான் தாங்கிப் புடிச்சிருக்குன்னு. வாய்க்கொழுப்பு."

டோரிஸ் தரையோடு தரையாகக் குனிந்து அந்த மூலையை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். இவ்வளவு பெரிய கிரில்லில் கண் போய் உட்காரும் இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது; இது மட்டும் யாரோ யோசித்த மாதிரி இருந்தது.

அவள் போன பிறகு, தையல்காரி, பரவாயில்லை என்று பத்துமலை மலாயில் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். அலமாரியைப் பழைய இடத்தில் வைத்தார்.

அந்த மூலை அவளைப் படுத்தியது. கட்டம் போட்ட துணியில் நேர்க்கோடு தானாக வரும், சரிவு வராது. முழுத் தையலாகப் போட்டால் படிக்கட்டு மாதிரி இருந்தது. பிரித்தாள். அரைத் தையலாகப் போட்டுப் பார்த்தாள், மெலிந்துபோய்த் தனியாகத் தெரிந்தது. பிரித்தாள். பேருந்து நிலையத்தில், ரயில் நிலையத்தில், மருத்துவமனை வாசலில் என்று பயணிகளுக்காகக் காத்திருந்த இடத்திலெல்லாம் தைத்துப் பிரித்தாள். ஒருமுறை சிக்னலில் பின்இருக்கையில் இருந்த பெண், "அக்கா, பச்சை விழுந்துருச்சு," என்று தோளைத் தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் இழையைப் பிரித்து ஒற்றையாக்கி, ஒவ்வொரு வரிசையையும் கால் கட்டம் தள்ளிப் போட்டபோது கோடு சரிந்து இறங்கியது. கிட்டே போய்ப் பார்த்தாலும் சரிவு, எட்ட நின்று பார்த்தாலும் சரிவு.

அலெக்சாண்டர் பார்த்துவிட்டு, "படம் எங்க இருக்கு?" என்றான்.

"இதுதான் படம்."

"சரி," என்றான். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவன்.

மந்திரிப்பு சனிக்கிழமை. அலெக்சாண்டரின் தங்கை ஜானிஸ் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஐஸ் பெட்டி நிறைய மீனோடும், போர்வையில் சுற்றிய பெரிய சட்டத்தோடும் வந்து இறங்கினாள். அவர்கள் குடும்பத்தில் புது வீட்டுக்குச் சாமி படம் அத்தை கொண்டுவர வேண்டும். ஜானிஸும் கிராஸ் ஸ்டிச்காரிதான். இறுதி இராவுணவுப் படம், முழுத் துணியும் மூடி, அப்பத்தில் வெளிச்சம் விழும் இடத்துக்குத் தனி மஞ்சள், மேஜைத் துணியின் மடிப்புக்குத் தனி வெள்ளை என்று பல வருடம் தைத்தது. தங்க நிறச் சட்டம். வாசலுக்கு நேரே ஏறியதும் கூடம் கொஞ்சம் சின்னதான மாதிரி ஆனது.

"எப்படி அண்ணி?"

"யூதாசோட மூஞ்சி நல்லா வந்திருக்கு," என்றாள் டோரிஸ். மனதாரத்தான் சொன்னாள்.

பாதர் வந்து ஜெபம் சொல்லி, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பினார். டோரிஸ் காரிலிருந்து தன் சட்டத்தைக் கொண்டுவந்து சோபாவுக்கு எதிரே சுவரில் சாய்த்துவைத்தாள். ஒடுக்கமான கறுப்பு மரச் சட்டம். கண்ணாடி இல்லை. கண்ணாடி போட்டால் பார்க்கிறவன் மூஞ்சிதான் தெரியும் என்பது அவள் கட்சி.

ஷாமினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத மாட்டினாலும் சுவர் காலியாத்தான் இருக்கும் போல இருக்கு மம்மி."

அதைவிட நல்ல வார்த்தை டோரிஸுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. "அதான் வேணும்," என்றாள்.

"மாட்டிரலாம். ரோய், சுத்தியல் எங்க?"

ரோய்ஸ்டன் சுத்தியல் எடுக்கப் போனான். ஜானிஸ் தட்டோடு வந்து குனிந்தாள். தைக்கிறவள் கண் மூலைக்குத்தான் முதலில் போகும்.

"அண்ணி! இங்க கணக்கு தப்பிருச்சு."

"தப்பல."

"என்ன தப்பல? மேல எல்லாம் நேரா வருது, இங்க வந்து குடிகாரன் மாதிரி சாயுது. நீங்களா அண்ணி இப்படி? கண்ணு டெஸ்ட் பண்ணுங்க." ஜானிஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருடமாக முடிச்சு தேடியவர்களில் அவளும் ஒருத்தி.

தப்பு என்று விட்டிருந்தால் போயிருக்கும். சிரித்திருப்பார்கள், ஆணி அடித்திருப்பார்கள். ஆனால் தான் செய்யாத தப்பை ஏற்கும் பழக்கம் டோரிஸுக்கு இல்லை.

"கிரில்லே அப்படித்தான். சிலிபின்ல ஒரு வீடு. கீழ பழைய ஈயச் சுரங்கம், வீடு ஒரு பக்கம் எறங்கிருச்சு. கம்பி அதுக்குத் தகுந்த மாதிரி போயிருக்கு. அதத்தான் தைச்சேன்."

ஜானிஸ் தட்டைக் கீழே வைத்தாள். "எறங்கின வீடா?"

"ஆமா."

"புது வீட்டு மந்திரிப்புக்கு எறங்கின வீட்டத் தைச்சுக் கொண்டாந்திருக்கீங்களா? என்ன அண்ணி நீங்க! பாதர் இப்பதான் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போறாரு, தரை இன்னும் காயல."

ஷாமினி சுவரைப் பார்க்கவில்லை. காலடியில் பளிங்குக் கற்கள் சேரும் கோட்டைப் பார்த்தாள். "மம்மி, இந்த எடமும் பழைய ஈய நெலம்தான். ஏஜென்ட் சொன்னான். கம்பம் ஆழமா எறக்கித்தான் கட்டியிருக்கோம், பயப்படாதீங்கன்னான்."

"அப்புறம் என்ன? எறங்காது."

"எறங்காது. ஆனா தினமும் சோபாவுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

சுத்தியலோடு வந்த ரோய்ஸ்டனிடம் ஜானிஸ் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்தான். எதையும் சமாதானமாக முடிக்கிற பிள்ளை.

"சிம்பிள்லா. அந்த மூலைய மட்டும் பிரிச்சு நேராத் தைச்சுக் குடுங்க மம்மி. அப்புறம் அது எந்த வீடும் இல்ல, வெறும் டிசைன். அடுத்த வாரம் மாட்டிரலாம்."

"ஆமா மம்மி," என்றாள் ஷாமினி. "எனக்குப் பிடிச்சிருக்கு. நெசமா. அந்த எடம் மட்டும்தான்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள் என்று டோரிஸுக்குத் தெரிந்தது. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நூல் மிச்சம் இருக்கிறது. நேராகத் தைப்பது சரிவாகத் தைத்ததைவிட எவ்வளவோ சுலபம். அவள் குனிந்து அந்த மூலையை ஒருமுறை பார்த்தாள். இதைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது யாருடையது என்று யோசித்தாள். தாளைப் பார்த்துக் குதிரைகளைத் தைத்த எந்தக் கையும் அதைத் தைக்கும்.

"நேராத் தைச்சது கடையில கெடைக்கும்," என்றாள். "வேணும்னா வாங்கி மாட்டிக்குங்க."

"கோவமா மம்மி?"

"கோவம் எதுக்கு? நீ பாத்துட்டு சொல்றேன்ன, பாத்துட்ட, சொல்லிட்ட. உன் சுவரு, உன் இஷ்டம். என் துணி, என் இஷ்டம். பிரியாணி இன்னும் இருக்கா?"

சட்டத்தைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துவிட்டு வந்து, இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜானிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அந்தச் சரிவு எப்படி வந்துச்சு அண்ணி? துணி விடாதே."

"ஒத்தை இழை. வரிசைக்குக் கால் கட்டம் தள்ளு."

ஜானிஸ் விரலால் மேஜையில் கோடு போட்டுப் பார்த்தாள். "தலைவலி," என்றாள்.

திரும்பும்போது அலெக்சாண்டர் போர்வையில் சுற்றிய சட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நாலு தையலு. பிரிச்சுக் குடுத்திருக்கலாம்," என்றான்.

"நாலு இல்ல," என்றாள் டோரிஸ். சிக்னலில் பச்சை விழுந்தது, போனாள்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து டோரிஸ் கிராப் செயலியைத் திறந்து, விமான நிலையத்துக்கு ஒரு குடும்பத்தையும், சந்தைக்கு ஒரு சீனக் கிழவியையும் ஏற்றி இறக்கினாள். மதியம் ஜானிஸ் கொடுத்த மீனில் பாதியைப் பொரித்தாள், பாதியைக் குழம்பு வைத்தாள். சாப்பிட்ட பிறகு கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் சட்டத்தை மாட்டினாள். ஆணி கொஞ்சம் மேலே இருந்தது. பிடுங்கிக் கீழே அடித்தாள். மணி பார்க்க எங்கே போவது என்று அலெக்சாண்டர் கேட்டான். அடுப்படியில் மாட்டியிருக்கிறது என்றாள். ஷாமினி கூடத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். சோபா, எதிரே வெறும் சுவர். நன்றாக இருக்கிறது என்று டோரிஸ் பதில் எழுதினாள். நான்கு மணிக்கு மழை பிடித்தது. மழையில் ஆள் கிடைக்கும் என்பதால் மறுபடி கிளம்பிப் போனாள்.